அறிக்கையில் ஏறிய கவி

கண்ணாமுனையில் புல்லுப் பிடுங்கப் பெண்கள் வயலுக்குள் இறங்கினால் முதற் கவியை றுக்கியாதான் எடுப்பாள். இருபது இருபத்திரண்டு பேர் ஒரே வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவள் இரண்டு அடி சொல்ல, மற்றவர்கள் இரண்டு அடி சொல்லி முடிப்பார்கள். கவி போகிற வேகத்துக்குக் கையும் போகும். வெயில் உச்சியில் ஏறுவதற்குள் ஒரு வயல் முடிந்து, அடுத்த வரம்பில் கால் வைத்துவிடுவார்கள்.

எதைப் பற்றி வேண்டுமானாலும் கட்டுவாள். வரம்பில் வழுக்கி விழுந்த புதுமாப்பிள்ளை, கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்ட மாமி, கிண்ணியாச் சந்தையில் ஏமாந்து கிழட்டு ஆட்டை வாங்கி வந்த தன் புருஷன் றஊப் என்று எவரும் தப்பியதில்லை. றஊப் அந்த ஆட்டுக் கவியைக் கேட்டு முதலில் கோபித்தான். பிறகு அவனே அதைத் தோணியில் இருந்து பாடிக்கொண்டு வந்தான்.

அறுபத்தேழாம் ஆண்டு சிறுபோகத்தில், கிராமச் சபைத் தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஸஹாப்தீன் போடியார் குடையோடு வரம்பில் வந்து நின்றார். ஊரில் பாதி வயல் அவருடையது. றஊப் பங்குக்குச் செய்கிற ஆறு ஏக்கரும் அவருடையதுதான்.

"றுக்கியா, நான் இந்த முறை எலெக்சன் கேக்கிறன். எனக்கும் நாலு கவி கட்டு புள்ள" என்றார்.

றுக்கியா நிமிர்ந்து, கையில் இருந்த புல்லை வரம்பில் போட்டாள்.

"என்னத்தச் சொல்லிக் கட்டுற போடியார்? இதுவரைக்கும் செஞ்சது ஒண்டும் இல்லையே. செய்யப்போறதச் சொல்லுங்க, கட்டுறன்."

பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். போடியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் கை தாராளமாக விரிந்தது. கண்ணா மரப் பற்றைக்குள், களப்புச் சேற்றில் கால் புதைந்து தோணி ஏறுகிற இடத்தில் கல்லுத் துறை கட்டித் தருவார். உவர்த் தண்ணீருக்குப் பதில் நல்ல கிணறு ஒன்று. மாதத்தில் ஒருநாள் மருத்துவிச்சி ஊருக்குள் வந்து போக ஏற்பாடு. மூன்றையும் றுக்கியா கேட்டுக்கொண்டாள். அடுத்த வரம்பு வருவதற்குள் கட்டி முடித்துவிட்டாள்.

*கல்லால துறை கட்டிக்*
*காலு நனையாம*
*தோணியில ஏத்திவைக்கும்*
*துரை எங்க போடியாரு*

*உப்புத் தண்ணி மாறிடவே*
*ஊத்துக் கிணறு வெட்டிச்*
*சக்கரைபோல் தண்ணி தரும்*
*சகாப்தீன் போடியாரு*

*மாசம் ஒருதடவ*
*மருத்துவிச்சி வந்திறங்க*
*வழிபாத்துக் கூட்டிவரும்*
*வாக்குத் தவறாரு*

மூன்று நாளில் ஊர் முழுக்க அதுதான். மாவிடிக்கிற உரலடியிலும் அதுதான், வலை காய்கிற கரையிலும் அதுதான். வாக்குச் சாவடி களப்புக்கு அக்கரையில், தோணி போய் ஒதுங்குகிற கடவையடியில் இருந்தது. முந்திய தேர்தல்களில் கண்ணாமுனைப் பெண்கள் முழங்காற் சேற்றில் இறங்கிப் போவானேன் என்று வீட்டில் நின்றுவிடுவார்கள். இந்த முறை, "கவியை நாங்க பாடிப்போட்டு சீட்டில புள்ளடிய வேற ஆக்கள் போடுறதா?" என்று வரிசையில் மூத்தவளான ஆமினா உம்மா கேட்ட கேள்வியில் எல்லாருமே கிளம்பினார்கள். ஆதம்பாவாவின் தோணி காலையிலிருந்து பின்னேரம் வரை பதினொரு தரம் போய் வந்தது. போடியார் முப்பத்தெட்டு வாக்கால் வென்றார். ஆடு அறுத்து ஊருக்குச் சோறு போட்டார்.

பிறகு இரண்டு வருஷம் போயிற்று. சேறு சேறாகவே கிடந்தது.

பெண்கள் கவியை விடவில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், அதே இராகத்தில், அவருடைய வயலிலேயே பாடினார்கள். புகழ்ந்து கட்டிய கவிதான். ஆனால் "வாக்குத் தவறாரு" என்கிற இடம் வந்ததும் இருபது பேரும் குரலை ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்பு அடுத்த வயலுக்கும் கேட்கும். போடியார் குடையை விரித்துக்கொண்டு வேறு வரம்பால் போவார். பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகள் அவர் சைக்கிளைக் கண்டால் "காலு நனையாம, காலு நனையாம" என்று ஓடுவார்கள்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. வரம்பில் நின்று சத்தம் போட்டார்.

"இனிமேல் என்ட வயலுக்குள்ள அந்தக் கவி வேணாம். பாடுறதெண்டா வேற வயல் பாத்துப் போங்க. றஊப், உனக்கும் சேத்துத்தான் சொல்றன். அடுத்த போகத்துக்கு நான் வேற ஆள் பாக்கவேண்டி வரும்."

அன்று பின்னேரம் குசினிக்குள் நண்டுக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. றஊப் வாசற்படியில் குந்தியிருந்தான்.

"ஆறு ஏக்கர் வயல் உன்ட நாலு வரிக் கவில தொங்குது" என்றான்.

"கவி என்ட இல்ல. அவர் சொன்னதுதான்."

"அது எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். வயல் அவருட எண்டதும் ஊருக்குத் தெரியும்."

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? வாயத் தைக்கட்டா?"

றஊப் முருங்கைக் கீரையை உருவிக் கொடுத்தான். அவன் கோழை அல்ல. மகள் லைலா ஐந்து மாதக் கர்ப்பிணி. மருமகன் புல்மோட்டைக் கரையில் மீன்பிடிக்கப் போனவன், மாதத்தில் ஒருமுறை வருவான். வீட்டில் இன்னொரு வாய் வரப்போகிற நேரத்தில் வயலை இழக்க எவனுக்கு மனம் வரும்? றுக்கியாவுக்கும் அது விளங்கியது. அடுத்த நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் எடுக்காததால் மற்றவர்களும் எடுக்கவில்லை.

அப்படி ஒரு புல்லுப் பிடுங்கலைக் கண்ணாமுனை கண்டதில்லை. ஒருத்தி முன்னால் போனாள், ஒருத்தி பின்னால் நின்றாள், ஒருத்திக்கு இடுப்பு நோவு வந்தது. ஒரு நாளில் முடிகிற வயல் மூன்று நாள் பிடித்தது. போடியார் வந்து பார்த்துவிட்டு, "என்ன இது, மையத்துக் கிடக்கிற வீடு மாதிரி இரிக்கி?" என்றார்.

"கவிய நிப்பாட்டினது நீங்கதானே போடியார்? கையும் அதோட சேந்து நின்டுபோச்சு" என்றாள் ஆமினா உம்மா, நிமிராமலே.

அந்தக் கிழமைதான் றுக்கியா லைலாவைக் கிண்ணியா ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப்போனாள். காலை நீர் வற்றியிருந்தது. தோணி கரையிலிருந்து ஐம்பது பாகத் தூரத்துக்கு அப்பால் நின்றது. கண்ணா வேர்களுக்கு நடுவில் கால் வைத்து வைத்துப் போன லைலா, தோணியின் விளிம்பைப் பிடிக்கப் போன நேரத்தில் வழுக்கி, சேற்றுக்குள் பொத்தென்று இருந்துவிட்டாள். சேறு மெத்தென்று தாங்கியது. ஒன்றும் ஆகவில்லை. அவளே முதலில் சிரித்தாள்.

"உம்மா, கதிரையில இருந்த மாதிரி இரிக்கி. தூக்கி விடுங்க."

தோணிக்கார ஆதம்பாவாவும் சிரித்தான். றுக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கார்த்திகையில் பிள்ளை பிறக்கும். கார்த்திகை என்றால் மாரி. மழையும் வாடைக் காற்றும் இருட்டுமாக இருக்கும் ஒரு நாளில், வலி எடுத்த பிள்ளையை இந்தச் சேற்றில் எப்படி இறக்குவது? தோணி நடுக்களப்புக்கு வந்ததும், அண்ணன் முறைக்காரனான ஆதம்பாவாவிடம் கேட்டாள்.

"ஆதம்பாவா காக்கா, இந்தச் சபை எண்டு சொல்றாங்களே, அங்க என்னதான் நடக்கிது?"

"மாசத்தில மொதச் சனிக்கிழம கூடுவாங்க. கிளாக்கர் குலசிங்கம் ஐயா டவுனில இருந்து வருவாரு. நான்தான் கடவைக்கு ஏத்துறன். ஆரும் போய் இருந்து கேக்கலாமாம் றுக்கியா. கதவு தொறந்துதான் இரிக்காம். இத்தின வருஷத்தில காகம்தான் வந்தது எண்டு ஐயா சொல்லிச் சிரிக்காரு."

"பொம்பளையளும் போகலாமா?"

ஆதம்பாவா துடுப்பை நிறுத்தி யோசித்தான். "காகத்தில ஆணென்ன, பொண்ணென்ன?" என்றான்.

ஆவணி மாதத்து முதற் சனிக்கிழமை இருபத்திமூன்று பெண்கள் மூன்று தடவையாகக் கடந்து, கடவையடிச் சபைக் கட்டடத்து வாசலில் நின்றார்கள். றஊப் கரை வரைக்கும் வந்தான். போகாதே என்று அவன் சொல்லவில்லை. தோணியைத் தள்ளிவிடும்போது, "கதைக்கிற நேரம் அவரைப் பேர் சொல்லி ஏசிடாத" என்று மட்டும் சொன்னான்.

உள்ளே நீள மேசையைச் சுற்றி ஒன்பது உறுப்பினர்கள். நடுவில் சபையை நடத்துகிற அக்கிராசனர் ஸுஹைர் மாஸ்டர். பக்கத்தில் மூக்குக் கண்ணாடியோடு, தடித்த கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் கிளாக்கர் குலசிங்கம். சுவரோரம் ஒரேயொரு வாங்கு. அதில் ஆறு பேர் இருக்க, மற்றவர்கள் முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு தரையில் இருந்தார்கள். மேசையின் மூலையில் இருந்த ஸஹாப்தீன் போடியார் அவர்களைக் கண்டதும் தன் முன்னால் இருந்த கடதாசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"என்ன விஷயமாக வந்திருக்கிறீங்கள்?" என்று கேட்டார் ஸுஹைர் மாஸ்டர்.

"மனு எண்டால் எழுத்தில தரவேணும்" என்றார் குலசிங்கம், பேனாவை எடுக்காமலே.

றுக்கியா எழுந்தாள். "எங்களுக்கு எழுத வராது ஐயா. நீங்க எழுதுறீங்கதானே? நாங்க சொல்றம்."

அக்கிராசனர் தலையாட்டினார். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வயலில் ஊர் கேட்கப் பாடுகிற அந்தத் தொண்டைக்குள் அப்போது ஒரு சொல்கூட இல்லை. கதைத்துப் பழக்கம் இல்லாத இடம். மின்விசிறி இல்லாத அறையில் வியர்வை வழிந்தது. "அது வந்து… எங்கட ஊரில… தோணி ஏறுற இடத்தில…" என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

பின்னால் தரையிலிருந்து ஆமினா உம்மாவின் கரகரத்த குரல் எழும்பியது. "கல்லால துறை கட்டி…"

அந்த அடி காதில் விழுந்ததும் றுக்கியாவின் தொண்டை திறந்துகொண்டது. முதற் கவியை அவள் எடுத்தாள். இருபத்திமூன்று பேரும் முடித்தார்கள். துறை, கிணறு, மருத்துவிச்சி, மூன்றும் வந்தன. "வாக்குத் தவறாரு" அந்தச் சிறிய அறையில் இழுபட்ட இழுப்பில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு யன்னலடியில் நின்றார்கள். றுக்கியா நிறுத்தவில்லை. தோணியில் வரும்போது கட்டிய புதுக் கவியையும் சேர்த்துவிட்டாள்.

*போட்டமே புள்ளடிய*
*பொழுதேற நின்டுநின்டு*
*போட்டவங்க நிக்கிறமே*
*போனதெங்க சொன்ன மச்சான்*

உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். குலசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அலுவலகப் பிரச்சினை ஒன்று வந்திருந்தது.

"சேர், இதை எப்பிடி எழுதுறது?"

"சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கோ" என்றார் அக்கிராசனர்.

"பாட்டெல்லாம் அறிக்கையில ஏத்தேலாது மாஸ்டர்" என்று போடியார் எழுந்தார்.

றுக்கியா அவர் பக்கம் திரும்பினாள். குரல் இப்போது அவளுடைய சொந்தக் குரலாக இருந்தது. "இது என்ட பாட்டு இல்ல போடியார். வரம்பில நின்டு நீங்க சொன்ன வாக்குத்தான். எதுக மட்டும்தான் என்ட."

"மச்சான் எண்டது ஆரை?" என்று குலசிங்கம் எழுதியபடியே கேட்டார்.

"கவியில ஆரையும் மச்சான் எண்டுதான் ஐயா சொல்ற."

அவர் சற்று யோசித்து, அந்தச் சொல்லை வெட்டிவிட்டு 'உறுப்பினர்' என்று எழுதினார்.

அக்கிராசனர் போடியாரைப் பார்த்தார். "நீங்கள் சொன்னதோ?"

போடியார் முகத்தைத் துடைத்தார். இவ்வளவு நேரமும் தூக்கிப் பிடித்திருந்த கழுத்து இறங்கியது. "ஓம், சொன்னதுதான். இஞ்சயும் ரெண்டு தரம் சொன்னன். ஐயா, பழைய பக்கத்தப் பொரட்டிப் பாருங்க."

குலசிங்கம் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். "ஓம், இருக்குது. போன வருஷம் பங்குனியில ஒருக்கா, புரட்டாதியில ஒருக்கா. கண்ணாமுனைத் துறை, முன்மொழிந்தவர் ஸஹாப்தீன். வழிமொழிய ஒருவரும் இல்லை. பிரேரணை விழுந்தது."

றுக்கியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக இழுத்த இழுப்பெல்லாம் அவர் மேல் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இத எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே போடியார்."

"தோத்துப்போன கதைய வயலுக்குள்ள நின்டு எப்பிடிப் புள்ள சொல்லுற? நான் தனி ஆள். மத்த எட்டுப் பேருக்கும் அவங்கட ஊருச் சேறு. எங்கட சேற ஆரு கண்டாங்க?"

"இப்ப காணுறாங்கதானே" என்று ஆமினா உம்மா தரையைக் காட்டினாள். இருபத்திமூன்று சோடிக் கால்களில் இருந்து உதிர்ந்த சேறு சபையின் சீமெந்துத் தரை முழுக்கப் பரவிக் கிடந்தது.

போடியார் மூன்றாம் தரம் முன்மொழிந்தார். மற்ற உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிப்பிக்குடா என்கிற மீன்பிடி ஊரின் உறுப்பினர் குணரத்தினம் கையைத் தூக்கினார். "நான் வழிமொழியிறன். கல்லு ஏத்த எங்கட வள்ளங்களும் வரும்" என்றார். ஏழு கைகள் எழுந்தன. துறை இந்த வருஷம், கிணறு வருகிற வருஷம், மருத்துவிச்சிக்கு உடனே கடிதம் என்று முடிவாயிற்று.

திரும்பும்போது போடியாரும் அதே தோணியில் வந்தார். "றஊப்புட வயல் அவன்ட கையிலதான். நான் கோவத்தில சொன்ன" என்றார். பிறகு, "அந்த 'மச்சான்' கவிய மட்டும் என்ட மனிசி காதில போட்டுடாதீங்க" என்றார். தோணி குலுங்கச் சிரித்தார்கள். அவர் மனைவிக்கு அன்று பின்னேரமே அது தெரிந்துவிட்டது.

புரட்டாதிக் கூட்டத்துக்கும் போனார்கள். முடிவானது நிலைக்கவேண்டுமானால் போன கூட்டத்து அறிக்கையை வாசித்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். குலசிங்கம் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி நிலுவை வாசிக்கிற குரலில் தொடங்கினார்.

"கல்லால துறை கட்டிக், கமா, காலு நனையாம…"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்து பார்த்தார்கள். "போட்டவங்க நிக்கிறமே, கமா, போனதெங்க சொன்ன உறுப்பினர், முற்றுப்புள்ளி" என்ற இடத்தில் எவராலும் முடியவில்லை. லைலாவும் அன்று வந்திருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயா, கோவிக்காதீங்க. இப்பிடி வாசிச்சா எங்கட கவி மூச்சு முட்டிச் செத்துப்போகும்" என்றாள் றுக்கியா.

"நான் கிளாக்கர், பிள்ளை. பாடகன் இல்லை."

"மொத அடிய மட்டும் இப்பிடி எடுங்க" என்று அவள் மெதுவாக இழுத்துக் காட்டினாள். அக்கிராசனர் ஒன்றும் தெரியாதவர்போல் கூரையைப் பார்த்தார். குலசிங்கம் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இருமித் தொண்டையைச் சரிசெய்து, இருபது வருஷ அரச சேவையில் செய்யாத ஒன்றைச் செய்தார். குரல் முதலில் நடுங்கியது. இரண்டாம் அடியில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் கவிக்கு வந்தபோது அவர் கை மேசையில் தாளம் போட்டது. கடைசி அடியில் 'உறுப்பினரை' விட்டுவிட்டு 'மச்சான்' என்றே பாடினார். போடியார்தான் முதலில் கை தட்டினார். அறிக்கை ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஐப்பசிக்குள் துறை எழுந்தது. சீமெந்தும் மேசனும் சபை தந்தது. கல் சிப்பிக்குடா வள்ளங்களில் வந்தது. மற்றதெல்லாம் ஊரார் கூலியில்லாமல் செய்த சிரமதானம். பெரிய சட்டிகளில் மரவள்ளிக் கிழங்கு அவிந்தது. கருவாடு சுட்டு, மிளகாய்ச் சம்பல் அரைத்துக் கல்லுத் தூக்கியவர்களுக்குக் கொடுத்தார்கள். சிப்பிக்குடாவிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்த மக்டலின் என்கிற பெண் றுக்கியாவின் கவிக்கெல்லாம் தன் பங்குக்கு ஒரு எசப்பாட்டுச் சொன்னாள். கார்த்திகையில் கொட்டுகிற மழைக்குள் லைலாவைச் சாக்குப் போர்த்தித் துறைக் கல்லின் மேல் நடத்திக் கொண்டுபோய்த் தோணியில் ஏற்றினார்கள். பிள்ளை பிறந்தது. பெண். றஊப் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் தேன்குழல் கொடுத்தான்.

மாரி விட்டுத் தை மாதத்து முதற் சனிக்கிழமை, கிணற்று விஷயம் என்னவாயிற்று என்று கேட்கக் கண்ணாமுனைப் பெண்கள் சபைக்குப் போனார்கள். வழக்கமான வாங்கில் இடமில்லை. முள்ளிப்பற்று ஊர்க்காரர்கள் நேரத்தோடு வந்து, பாலம் கேட்டுக் கும்மி ஒன்றைப் பழகிக்கொண்டு இருந்தார்கள். குலசிங்கம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து நான்கு வாங்கு இரவல் எடுத்துப் போட்டிருந்தார். அவையும் நிறைந்துவிட்டன.

கூட்டம் தொடங்கப் போகையில் வாசலில் மத்தளச் சத்தம் கேட்டது. மக்டலின் முன்னால் வந்தாள். பின்னால் சிப்பிக்குடா ஆட்கள் பதினைந்து பேர். ஒருவன் தலையில் மினுங்குகிற கடதாசி முடி, இன்னொருவன் கையில் மரவாள்.

"எங்களுக்குக் கவி வராது ஐயா" என்றாள் மக்டலின். "கூத்துத்தான் வரும். ஐஸ் அறை இல்லாமல் மீன் பழுதாகிற கதை. ராசா, மந்திரி எல்லாரும் இருக்கினம்."

குலசிங்கம் கண்ணாடிக்கு மேலால் அவர்களைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"சுருக்கித்தான் கொண்டந்தனாங்கள். ஒரு மணித்தியாலம்."

அவர் பெருமூச்சு விட்டார். அலுமாரியைத் திறந்து புது அறிக்கைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு, "ராசா முதலில கதைப்பாரோ, மந்திரியோ?" என்று கேட்டார்.

றுக்கியா மடியில் இருந்த பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டு, வாங்கில் ஒருபக்கமாக நகர்ந்தாள்.

"இஞ்சால வாங்க மக்டலின்" என்றாள். "ராசாவ மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. எனக்கு மேசை தெரியவேணும்."